அம்மாயி வீட்டு ரத்தமா, அப்பா வீட்டு ரத்தமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. அம்மாவின் கடைசித் தம்பியைத்தான் கட்டியிருக்கிறேன். என் மாமியாரே எனக்கு அம்மாயி. பையனுக்கு இரண்டரை வயது. எட்டாம் மாதத்தில் வெளிறிப்போய், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். பீட்டா தலசீமியா மேஜர், கடுமையான பரம்பரை ரத்தசோகை என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். எனக்கும் அவருக்கும் டெஸ்ட் எடுத்து, இரண்டு பேருமே ‘மைனர்’ என்றார்கள். இப்போது எனக்கு மறுபடி எட்டு வாரம்.

அம்மாயி, “மூணு தலைமுறையா சொந்தத்துலதான் கட்டுறோம், ஒருத்தருக்கும் இப்படி இல்ல. இது உங்கப்பன் வீட்டு ரத்தம்” என்கிறார். பெரிய மாமா அசலில் பெண் எடுத்தார். அவர் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். அதனால் எங்கள் குடும்பத்துக்கே ஜீன் கோளாறு என்று ஊரில் பேச்சு. நானும் அவரும் ஓ பாசிட்டிவ், அதுதான் காரணம் என்கிறார் ஒருவர். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்கிறார் இன்னொருவர். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று தைரியம் சொல்கிறார் தெரிந்த ஒரு அக்கா. அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. தங்கைக்கு அத்தை மகனைப் பேசியிருக்கிறார்கள், நிறுத்தச் சொல்லட்டுமா? என் ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 10.6, எம்.சி.வி. 64, ஆர்.பி.சி. 5.6, ஹெச்.பி. ஏ2 5.4. வயசுக்கு வந்ததிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவே இல்லை.

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேலம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு வாரம் என்று எழுதியிருந்ததால் அவசரமானவற்றை உங்களுக்குத் தனியாக உடனே எழுதிவிட்டேன். உங்கள் கேள்விகளை வேறு பெயர்களில் பலர் கேட்கிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆனாலும் தேதி சம்பந்தப்பட்டதுதான் முதலில்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் இருக்கிறதா என்று 11-வது வாரத்திலிருந்து 13-வது வாரத்துக்குள் பார்த்துவிடலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் மேலிருந்து ஒரு ஊசியைச் செலுத்தி, நஞ்சுக்கொடியாக வளரப்போகும் திசுவில் துளியூண்டு எடுப்பார்கள். ஊசி குழந்தையைத் தொடாது. மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்வார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இதனால் கரு கலையும் ஆபத்து, அனுபவமுள்ளவர் கையில், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 13 வாரம் தாண்டிவிட்டால் வழி மூடிவிடாது. 16-வது வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முடிவு தெரிய அவ்வளவு தாமதமாகும், மனசும் அவ்வளவு கஷ்டப்படும்.

இதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘மைனர்’ என்று சொன்ன டெஸ்ட் ஹீமோகுளோபினைப் பார்த்துச் சொன்னது. கருவின் திசுவில் அதைப் பார்க்க முடியாது. ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் இருவரின் ரத்தத்திலும் பையன் ரத்தத்திலும் டி.என்.ஏ. பரிசோதனை செய்து, தேட வேண்டிய மாற்றம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் இந்த வாரமே ரத்தம் கொடுங்கள் என்றேன். உங்களுக்கு வேலூர் சி.எம்.சி. எட்டும் தூரம்தான், அங்கே இந்த இரண்டு பரிசோதனையுமே செய்கிறார்கள்.

இனி அம்மாயியின் வழக்குக்கு வருவோம்.

ஹீமோகுளோபின் என்பது ஆல்பா, பீட்டா என்ற இரண்டு வகைச் சங்கிலிகள் சேர்ந்து உண்டாவது. பீட்டா சங்கிலியைச் செய்யச் சொல்லும் ஜீன் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருந்தால் அவர் மைனர், அதாவது கேரியர். ஆயுசு முழுக்கத் தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடலாம். இரண்டும் கெட்டிருந்தால்தான் மேஜர். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்தபின் மெல்ல அது குறைந்து பீட்டா வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் உங்கள் பையன் பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிறினான். பால் ஒத்துக்கொள்ளவில்லை, கண் பட்டுவிட்டது என்று அந்த நேரத்தில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம், அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியது, அவ்வளவுதான். அது உங்கள் கர்ப்பத்தில் நடந்தது அல்ல. நீங்கள் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பு யாரோ ஒருவரிடம் நேர்ந்து, ஓசையில்லாமல் இறங்கி வந்திருக்கிறது. மலேரியா கடுமையாக இருந்த நாடுகளில் கேரியர்கள் அந்தக் காய்ச்சலில் சற்று அதிகமாகப் பிழைத்தார்கள்; அதனாலேயே இந்த ஜீன் அழியாமல் நின்றது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சாப்பிட்ட பப்பாளிக்கும் இல்லை, தூக்கிய குடத்துக்கும் இல்லை. ஒரே ரத்த குரூப்புக்கும் இல்லவே இல்லை. இந்தக் குரூப் கதை படித்தவர்களிடமும் எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். குரூப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் அதற்கென ஒரு ஊசி உண்டு. நீங்கள் இருவரும் பாசிட்டிவ். அந்தக் கவலையும் கிடையாது.

அப்படியானால் யார் வீட்டு ரத்தம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கணவர் கேரியர். அவருக்கு அது அவர் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ, அதாவது உங்கள் தாத்தாவிடமிருந்தோ அம்மாயியிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். அதே இருவருக்குப் பிறந்தவர்தான் உங்கள் அம்மா. அவருக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதி. அவரிடமிருந்து உங்களுக்கு வர அதில் பாதி. ஆக, தாய்மாமன் ஒரு கேரியர் என்றால் அக்கா மகள் அதே ஜீனைச் சுமக்க நான்கில் ஒரு வாய்ப்பு, நூற்றுக்கு 25. வழியில் போகிற யாரோ ஒரு பெண் சுமக்க இந்தியாவில் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்குதான். அத்தை மகளாகவோ மாமன் மகளாகவோ இருந்திருந்தால் எட்டில் ஒன்று. சொந்தத்தில் கட்டுவதால் என்ன கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த மூன்று எண்கள்தான். சொந்தத் திருமணம் புதிதாக எந்த ஜீனையும் கெடுப்பதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஒரே கோளாறின் இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஆகவே அம்மாயி சொல்வது தலைகீழாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் டி.என்.ஏ.வில் அதே மாற்றம்தான் என்று வந்து, உங்கள் அம்மாவுக்கு ஹெச்.பி. ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை கூடியிருந்து, அப்பாவுக்கு இயல்பாக இருந்தால், அது அம்மாயி – தாத்தா வழியாகத்தான் வந்தது. தாத்தா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாயிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாலே அது யார் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்று. இதை நான் எழுதுவது பந்தியில் வைத்து அம்மாயியை மடக்குவதற்காக அல்ல. பெரிய மாமா, சித்திமார், அவர்கள் பிள்ளைகள் என்று அந்த வீட்டில் இன்னும் யார் யார் கேரியர் என்று தேட வேண்டியிருக்கிறது; எந்தப் பக்கம் தேடுவது என்பதற்குத்தான் இது வேண்டும். கேரியராக இருப்பது யாருடைய குற்றமும் அல்ல. உங்கள் அப்பாவுடையதும் அல்ல, அம்மாயியுடையதும் அல்ல.

மூன்று தலைமுறையாக ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார். பொய் சொல்லவில்லை, ஆனால் முழுக்கணக்கும் இல்லை. சொந்தம் அல்லாத தம்பதிகளுக்கும் நூற்றுக்கு இரண்டு, மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அதோடு இன்னும் இரண்டு, மூன்று கூடும். மாமன் – அக்கா மகள் என்றால் அதைவிடச் சற்று அதிகம். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. அதனால் ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறை தப்பித்துப் போவது சாதாரணம். இன்னொன்று, அம்மாயி காலத்தில் ஆறு பெற்றால் நாலு தங்கும். போன இரண்டில் ஒன்று ‘சோகை பிடித்துப் போச்சு’ என்று சொல்லிப் புதைக்கப்பட்டிருந்தால், அதற்கு ரிப்போர்ட் ஏது? பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு இறந்த பிள்ளைகள் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

1902-ல் லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரொட் என்ற மருத்துவர், குழந்தையின் துணியில் பட்ட சிறுநீர் கறுத்துப்போகும் ஒரு அபூர்வ நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சொந்தங்கள் என்பதைக் கவனித்ததுதான், இப்படி இரண்டு பிரதியும் கெட்டால் வரும் நோய் மனிதரிலும் உண்டு என்பதற்கு முதல் தடயம். இங்கிலாந்துக்காரர்களும் அப்போது சொந்தத்தில் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

தெரிந்த அக்கா சொன்ன ‘நாலில் ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று தப்பும்’ என்பது மிக ஆபத்தான ஆறுதல். குலுக்கல் சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர் மறுபடி வராது. இது அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் எல்லாச் சீட்டையும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். உங்கள் இருவருக்கும் உண்டாகும் ஒவ்வொரு கருவுக்கும் மேஜராக இருக்க நான்கில் ஒன்று, உங்களைப் போல மைனராக இருக்க நான்கில் இரண்டு, எதுவுமே இல்லாமல் இருக்க நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்தது இரண்டாவதன் கணக்கைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

பெரிய மாமா மகளின் டவுன் சிண்ட்ரோம் வேறு கதை. ஊர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. உங்கள் பையனுக்கு இருப்பது ஒரே ஒரு ஜீனுக்குள் எழுத்துப் பிழை. அந்தக் குழந்தைக்கு எழுத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு குரோமோசோமே கூடுதலாக இருக்கிறது. நமக்கு 23 ஜோடி, மொத்தம் 46. அந்தக் குழந்தைக்கு 21-வது மூன்றாக இருப்பதால் 47. இதை 1959-ல் பாரிசில் ஜெரோம் லெஜ்யூன் குழுவினர் கண்டு சொன்னார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஜோடி சரியாகப் பிரியாததால் நேர்வது இது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 40 வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. ஆனாலும் இளம் வயதில் பிள்ளை பெறுபவர்களே அதிகம் என்பதால், டவுன் குழந்தைகளின் தாய்மாரில் பலர் சின்ன வயதுக்காரர்களே. அசலில் கட்டியும் இது வந்ததே என்று மாமாவைச் சிலர் கேலி செய்திருப்பார்கள். சொந்தம், அசல் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

ஆனால் ஒரு காகிதத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்தக் குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்திருப்பார்கள். கேரியோடைப் என்று தலைப்பு இருக்கும். அதில் 47 என்று எண்ணிக்கை வந்து 21 கூடுதல் என்று இருந்தால் உங்களுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எண்ணிக்கை 46 என்றே இருந்து, ‘இடமாற்றம்’, ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்று ஏதாவது இருந்தால் விஷயம் வேறு. கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டவுன் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இப்படி. இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். உங்கள் பெரிய மாமாவிடமிருந்து என்றால் அவர் தம்பியாகிய உங்கள் கணவரும் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரிதுதான், ஆனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தாலே தீர்ந்துபோகும் சந்தேகம்.

பரம்பரை நோய் என்றால் எல்லாம் பெற்றோரிடமிருந்தே வரும் என்றும் எண்ண வேண்டாம். தசைச் சிதைவு நோய் உள்ள சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள்: தரையிலிருந்து எழும்போது தன் தொடையையே கையால் பிடித்துப் பிடித்து ஏறுவார்கள். டூஷென் என்ற அந்த வகையின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் பெரும்பாலும் ஒன்று காப்பாற்றிவிடும். பையனுக்கு ஒன்றுதான், காப்பாற்ற ஆள் இல்லை. ரத்தம் உறையாத ஹீமோபிலியாவும் இதே வழியில்தான் இறங்குகிறது. உடனே ‘அம்மாவிடமிருந்து வந்தது’ என்று தாயைத் திட்ட ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்த இரண்டிலுமே சுமார் மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாக நேர்ந்த மாற்றம். கைகால் குட்டையாக வளரும் அக்காண்ட்ரோபிளேசியாவில் ஐந்தில் நான்கு குழந்தைகளின் பெற்றோர் இயல்பான உயரம் உள்ளவர்கள். அந்தப் புது மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் நேர்கிறது. தந்தைக்கு வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. இந்த நோய்க்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். அதனால் நோய் உள்ளவர் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்புக்குத் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதில் வரும் கோளாறுகள் இன்னொரு ரகம்.

உங்கள் அப்பாவின் சர்க்கரை இந்தக் கணக்கு எதிலும் சேராது. அதற்கு ஒரு ஜீன் பொறுப்பல்ல. சின்னச் சின்னதாகப் பல ஜீன்கள், அதோடு சாப்பாடு, உடம்பு எடை, நடக்காத நாட்கள். நான்கில் ஒன்று, பாதி என்று சொல்ல முடியாது. உங்கள் பையன் விஷயத்தில் அதை இப்போது போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உங்கள் மேல் அல்ல. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்கு மேல் இருக்க வேண்டும்; உங்களுக்கு 64. அணுக்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படித்தான் ஆகும், ஆனால் அப்போது அணுக்களின் எண்ணிக்கையும் குறையும். உங்களுக்கு எண்ணிக்கை, அதாவது ஆர்.பி.சி., 5.6, தாராளம். 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11 சொச்சம். 13-க்குக் கீழே வந்தால் இது இரும்புக் குறைவு இல்லை, தலசீமியா மைனராக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஹெச்.பி. ஏ2 3.5-க்கு மேல் போனால் கேரியர் என்பது கிட்டத்தட்ட உறுதி, உங்களுக்கு 5.4. வயசுக்கு வந்த புதிதில் யாராவது ஒருவர் ஹீமோகுளோபினுக்கு அடுத்த இரண்டு வரியையும் படித்திருந்தால் இத்தனை வருடம் மாத்திரை விழுங்கியிருக்க வேண்டாம். திருமணத்துக்கு முன்பே விஷயமும் தெரிந்திருக்கும். இதற்காக இப்போது கர்ப்ப கால மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மைனருக்கும் இரும்புக் குறைவு சேர்ந்து வரலாம். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். ஃபோலிக் அமிலம் கட்டாயம் தொடர வேண்டும்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று என்னை உறுத்துகிறது. பையனுக்கு இதுவரை முப்பது முறையாவது ரத்தம் ஏற்றியிருப்பீர்கள். பெரியவர்களுக்கு ஏற்றும் ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மீதி ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் போய்த் தங்கும். பையனின் ஃபெரிட்டின் பார்த்தார்களா? 1000-ஐத் தாண்டியிருந்தால் இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். பத்து, இருபது முறை ரத்தம் ஏற்றியதுமே இந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டும். ரத்தம் வேண்டும் என்று அம்மாயி தினமும் முருங்கைக்கீரைச் சாறும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டிருந்தால், சண்டை போடாமல், நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்குக் குறை ஹீமோகுளோபின் செய்யும் ஜீனில்; இரும்பு அவனிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அடுத்த முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போகப் போக எலும்பும் வளர்ச்சியும் பாதிக்கும். அரசு மருத்துவமனையில் தலசீமியா பிள்ளைகளுக்கு ரத்தம் இலவசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் இருக்கிறது, சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு என்று இன்றைக்கு நம் நாட்டில் பரவலாகக் கிடைப்பது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஈரலில் இரும்பு படிவதற்கு முன் சின்ன வயதில் செய்தால் பலன் நன்றாக இருக்கும். செலவுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் வரை கொடுக்கிறார்கள், தகுதி இருக்கிறதா என்று சிகிச்சை மையத்தில் கேளுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்துமா என்பதையும் அதே திசுவில் பார்க்க முடியும். பார்க்கலாமா என்று கேட்பார்கள். அது தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில தம்பதிகள் நினைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

மேஜர் என்று வந்தால்? இதை எழுதத் தயங்கினேன், ஆனால் நீங்கள் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் கடிதமே எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ரத்தமும் மாத்திரையும் ஒழுங்காகக் கிடைக்கும் பிள்ளைகள் இன்று படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அதைச் செய்ய வீட்டில் தெம்பு இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் சட்டம் தடையாக இல்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். உங்களுக்கு 13-வது வாரத்திலேயே தெரிந்துவிடும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டத்தில் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் இதைச் சொல்லுங்கள். பரிசோதனையின்போது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மைனர் என்று வந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை. அந்தப் பிள்ளை உங்களைப் போலத்தான் இருக்கும், கல்யாண வயதில் ஞாபகம் வைத்தால் போதும்.

தங்கையின் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டு பேருக்கும் ரத்த அணுக்களைக் கணக்கிடும் ஒரு சி.பி.சி., ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு ஹெச்.பி.எல்.சி. எடுக்கச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. நான் யோசிப்பது இப்படி: இந்த ஜீன் உங்கள் அம்மா வழியாக வந்திருந்தால் தங்கைக்கும் இருக்க வாய்ப்பு பாதி. ஆனால் அத்தை மகன் உங்கள் அப்பாவின் அக்கா மகன். உங்கள் அப்பா அம்மாயி வீட்டுக்கு ஏற்கெனவே சொந்தம் இல்லை என்றால், அந்த வீட்டு ஜீன் அவரிடம் இருக்கக் காரணமில்லை. அப்போது தலசீமியா அளவில் அவர் கிட்டத்தட்ட அசல் மாப்பிள்ளைதான். அதே நேரம் அப்பா வழியில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்திருந்து, அது ஒருவரிடம் இருந்தால் மற்றவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு என்ற பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் காது கேளாத பிள்ளை, காரணம் தெரியாமல் வளர்ச்சி நின்ற பிள்ளை, சின்னதிலேயே இறந்த பிள்ளை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் திருமணத்துக்கு முன் இருவரும் ஒரு மரபணு மருத்துவரைப் பார்க்கட்டும். அசலில் மாப்பிள்ளை எடுத்தாலும் தங்கைக்கு டெஸ்ட் எடுத்தே தீர வேண்டும், அவள் கேரியர் என்றால் மாப்பிள்ளைக்கும்.

‘அசல்’ என்று நாம் சொல்வதே பெரும்பாலும் அதே சாதிக்குள் சற்றுத் தள்ளி என்பதுதான். பல நூறு வருடம் தமக்குள்ளேயே கொண்டு கொடுத்த சமூகங்களில் நேர்ச் சொந்தம் இல்லாதவர்களும் ஒரே கோளாறைச் சுமக்கலாம். தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில், ஆபரேஷனுக்குத் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சில நிமிடங்களில் தெளியாமல் மணிக்கணக்கில் நின்றுவிடுவது மயக்க மருந்து நிபுணர்களுக்கு வெகு நாளாகத் தெரியும். அந்த மருந்தை உடைக்கும் என்சைம் அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் நேர்ச் சொந்தத்தில்; மீதியில் பெரும்பகுதி இந்த ‘அசல்’ வகை. அதனால் சொந்தமா, அசலா என்ற விசாரணையோடு நின்றுவிடாமல் ரத்தத்தைப் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. சைப்ரஸ் தீவில் ஏழில் ஒருவர் தலசீமியா கேரியர். அங்கே பல பத்தாண்டுகளாகத் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டும். இருவரும் கேரியர் என்று தெரிந்தும் பெரும்பாலானோர் திருமணத்தை நிறுத்துவதில்லை. உங்களுக்கு நான் மேலே சொன்ன 11-வது வாரப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள். அங்கே மேஜர் குழந்தை பிறப்பது இப்போது மிக அபூர்வம்.

போகும்போது பையனுக்கு முதன்முதலில் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு எடுத்த ஹீமோகுளோபின் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் போங்கள். ஏற்றிய பிறகு எடுத்ததில் கொடுத்தவர் ரத்தமும் கலந்திருக்கும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. கடைசி மாதவிடாய்த் தேதியும் முதல் ஸ்கேனும் கையில் இருக்கட்டும். கணவர் கண்டிப்பாக வர வேண்டும். அம்மாவும் அப்பாவும் கூட வந்தால் அன்றைக்கே அவர்கள் ரத்தத்தையும் எடுத்துவிடலாம். அம்மாயியை இந்த முறை அழைத்துப் போக வேண்டாம். பையனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.